ஒரு செவிடு அளவு காற்று

பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணையை ஒட்டினாற்போல் எங்களுக்குள்ள ஒன்றரை ஏக்கர் நிலத்தின் மோட்டார் கொட்டகையில், அப்பா காலத்து டீசல் எஞ்சின் ஒன்று இன்றும் இருக்கிறது. மின்சார மோட்டார் வந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் அதற்கு அன்றாட வேலை எதுவும் இல்லை. ஆனாலும் 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்து மின்கம்பங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போன பிறகு, மாட்டுக்கும் வீட்டுக்கும் தண்ணீர் இறைத்துக் கொடுத்தது அந்த எஞ்சின்தான் என்பதால், அதை விற்கலாம் என்று வீட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையேறியது. அடுத்த சில நாள்களில் தென்பெண்ணை கரை புரண்டு வந்தபோது, கொட்டகைக்குள் இடுப்பளவுக்குத் தண்ணீர் நின்று எஞ்சின் முழுதாக மூழ்கிவிட்டது. தண்ணீர் வடிந்த அன்றே, உள்ளே நீர் இருக்கக்கூடும் என்பதைக் கூட யோசிக்காமல், நான் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்த்தேன். பாதிச் சுற்றில் அது கல்லில் மோதியது போல் நின்றது. பிறகுதான் ஒரு பிட்டரை அழைத்தோம். அவர் எஞ்சினைப் பிரித்துக் கழுவி, ஆயில் மாற்றி, டீசலைப் பீச்சும் நாசிலைச் சோதித்துப் பூட்டிக் கொடுத்தார். முதலில், சிலிண்டரை மேலே மூடும் ஹெட்டின் ஓரத்தில் புஸ் புஸ் என்று காற்றும் நீரும் கசிந்தன. மறுநாள் வந்து மீண்டும் ஹெட்டை இறக்கி ஏற்றியபின் கசிவு நின்றது. ஆனால் அன்றிலிருந்து அந்த எஞ்சினுக்கு ஒரு புதிய பழக்கம் வந்தது: காலை 6 மணிக்கு எத்தனை முறை சுற்றினாலும் வெண்புகையை மட்டும் கக்கும், புறப்படாது, வெயில் ஏறி நண்பகல் ஆனபின் நாலாவது ஐந்தாவது சுற்றில் புறப்பட்டுவிடும்.

"கம்ப்ரஷன் இல்ல சார், ரிங்கு போயிடுச்சு" என்றார் பிட்டர். அதை நிரூபிக்கவும் செய்தார்: ஏர் கிளீனரைக் கழற்றி, உள்ளே செல்லும் வழியாகக் கொஞ்சம் ஆயிலை விட்டுச் சுற்றியபோது, விடியற்காலையிலேயே எஞ்சின் புறப்பட்டது. பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கின் இடுக்கை ஆயில் அடைத்ததால்தான் புறப்பட்டது, ஆகவே ரிங்கையும், சிலிண்டரின் உட்சுவரான லைனரையும் மாற்ற வேண்டும் என்பது அவருடைய முடிவு. கேட்பதற்குச் சரியாகவே இருந்தது. அது ஏன் சரியில்லை என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வார விடுமுறை நாள்களும், ஒரு பியூரெட்டும் (திரவத்தை அளந்து விடும் கண்ணாடிக் குழாய்), கொஞ்சம் ஈயக் கம்பியும் தேவைப்பட்டன.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் "கம்ப்ரஷன்" என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களைச் சுமக்கிறது. ஹேண்டிலைச் சுற்றும்போது கையை எதிர்த்துத் தள்ளும் அந்த அழுத்தம் ஒன்று. ரிங், வால்வு, ஹெட்டுக்கு அடியில் வைக்கும் கேஸ்கெட் ஆகியவை காற்றை எவ்வளவு நன்றாக அடைத்து வைக்கின்றன என்பதைப் பொறுத்து அது கூடும், குறையும். சிலிண்டருக்குள் இருக்கும் இடம் எத்தனை மடங்கு சுருங்குகிறது என்ற விகிதம் மற்றொன்று. இது வெறும் வடிவக் கணக்கு. எஞ்சின் ஓடாமல் மேசைமேல் கிடந்தாலும் அது மாறாது. இதைத் தமிழில் சிலர் அழுத்த விகிதம் என்று எழுதுகிறார்கள். அழுத்தம் என்றவுடன் கேஜும் பவுண்டுக் கணக்கும் நினைவுக்கு வந்துவிடுவதால் எனக்கு அந்தச் சொல் உடன்பாடில்லை. அமுக்க விகிதம் என்பதையே இங்கே பயன்படுத்துகிறேன். பிட்டர் சொன்னது முதல் பொருளில். கோளாறு இரண்டாவதில் இருந்தால், எத்தனை புது ரிங் போட்டாலும் பயன் இராது.

கணக்கு எளிமையானது. பிஸ்டன் கீழ்முனையில் இருக்கும்போது அதற்கு மேலே உள்ள மொத்த இடத்தை, அது மேல்முனைக்கு வந்தபின் எஞ்சும் இடத்தால் வகுத்தால் அமுக்க விகிதம் கிடைக்கும். மொத்த இடம் என்பது பிஸ்டன் துடைப்பம் போலப் பெருக்கிச் செல்லும் இடமும் எஞ்சும் இடமும் சேர்ந்தது. ஆகவே பெருக்கும் இடத்தை எஞ்சும் இடத்தால் வகுத்து, வரும் விடையுடன் 1 கூட்டினாலும் அதே விடைதான். அந்த 1-ஐ மறந்துவிடுவது மிகச் சாதாரணமான பிழை. நானும் முதல் நாள் இரவு மறந்தேன்.

எங்களுடையது கிர்லோஸ்கர் ஏவி1 வகை: ஒற்றைச் சிலிண்டர், தண்ணீரால் குளிர்வது, நிமிடத்துக்கு 1500 சுற்றில் 5 குதிரைத்திறன். அதன் போர் 80 மி.மீ., ஸ்ட்ரோக் 110 மி.மீ., அமுக்க விகிதம் 16.5. பாகூர்ப் பக்கம் போர் என்றால் எல்லோருக்கும் ஆழ்துளைக் கிணறுதான் நினைவுக்கு வரும். இங்கே அது சிலிண்டரின் உள்விட்டம். ஸ்ட்ரோக் என்பது பிஸ்டன் கீழ்முனையிலிருந்து மேல்முனை வரை நகரும் தூரம். விட்டத்தைச் சென்டிமீட்டரில் எழுதி, 8-ஐ 8-ஆல் பெருக்கி, அதை 0.7854-ஆல் பெருக்கினால் சிலிண்டரின் குறுக்குப் பரப்பு 50.27 சதுரச் சென்டிமீட்டர் என்று வரும். அதை ஸ்ட்ரோக்கான 11 சென்டிமீட்டரால் பெருக்கினால் 552.9 சிசி (கனச் சென்டிமீட்டர், அதாவது மில்லி). இதன் தம்பி போன்ற டிவி1, நம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்கள் பலவற்றில் நிற்பது, 87.5 மி.மீ. போரும் அதே 110 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்டு 661 சிசி வரும். அதற்கு விகிதம் 17.5.

இனி எதிர்த்திசையில் கணக்கிடலாம். விகிதம் 16.5 ஆக இருக்க வேண்டுமென்றால், எஞ்சும் இடம் 552.9-ஐ 15.5-ஆல் வகுத்தது, அதாவது 35.7 சிசி. எண்ணாகச் சொன்னால் இதன் சிறுமை மனத்தில் பதிவதில்லை. பழைய முகத்தலளவையில் 360 நெல் கொண்டது ஒரு செவிடு, 5 செவிடு ஓர் ஆழாக்கு. ஆழாக்கு 168 மில்லி என்று கொண்டால் ஒரு செவிடு 33.6 மில்லி. மூன்றேகால் ஆழாக்குக் காற்றை உள்ளே இழுத்து, அதைக் கிட்டத்தட்ட ஒரு செவிட்டுக்குள் அடக்கினால்தான் இந்த எஞ்சின் உயிர் பெறும். இரண்டு எண்களில் பெரியதை எவரும் புத்தகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். சின்னதுதான் பிடிகொடுக்காதது; எஞ்சினை யார் கடைசியாகப் பூட்டினார்களோ அவர்கள் கையில் அது இருக்கிறது.

கடலூர் முதுநகரில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் கணக்கையெல்லாம் கேட்கவில்லை. "ரிங்கை மாத்தறதுக்கு முன்னாடி ஈயத்தை வச்சுப் பாரு தம்பி" என்று மட்டும் சொன்னார். அவர் தொழிலில் அதன் பெயர் பம்பிங் கிளியரன்ஸ் பார்ப்பது. பிஸ்டன் மேல்முனையில் நிற்கும்போது அதன் தலைக்கும் ஹெட்டின் அடிப்பரப்புக்கும் நடுவே உள்ள இடைவெளி அது. ஹெட்டைக் கழற்றி, பிஸ்டன் தலையில் கிரீஸ் தொட்டு ஈயக் கம்பித் துண்டுகளை ஒட்டி, ஹெட்டைப் பழையபடி முறுக்கிப் பூட்டி, பிளைவீலைக் கையால் மெதுவாகத் திருப்பிப் பிஸ்டனை மேல்முனையைக் கடக்கச் செய்து, மீண்டும் பிரித்து, நசுங்கிய கம்பியை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். துண்டுகளை வைக்கும் இடம் முக்கியம். பிஸ்டன், கனெக்டிங் ராடோடு (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) தன்னைக் கோக்கும் பின்னை அச்சாகக் கொண்டு சற்றே ஆடும் என்பதால், பின்னுக்குக் குறுக்கே வைத்தால் ஒரு பக்கம் கூடியும் மறுபக்கம் குறைந்தும் காட்டும். பின்னின் நீட்டுவாக்கில் வைத்தால் அந்த ஆட்டம் அளவில் ஏறாது. வால்வுகளுக்குக் கீழேயும் நடுக் கிண்ணத்திலும் வைக்கக் கூடாது.

நான் வீட்டில் இருந்த 1.6 மி.மீ. பற்றாசுக் (சால்டர்) கம்பியை வெட்டி வைத்தேன். பிரித்துப் பார்த்தபோது நான்கு துண்டுகளும் கீறல் கூட இல்லாமல், ஒட்டியபடியே கிடந்தன. ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று நினைத்து, அன்று மாலை முழுவதும் அதையே மூன்று முறை செய்தேன். இடைவெளி 1.6 மி.மீட்டரைக் காட்டிலும் பெரியது என்று கம்பி முதல் தடவையே சொல்லிவிட்டது; அதைக் கேட்கத்தான் எனக்கு ஒரு மாலை ஆயிற்று. மறுநாள் இரண்டு இழைகளை ஒன்றாக முறுக்கி வைத்தபோது அவை நன்றாக நசுங்கின: 2.25, 2.30, 2.30, 2.35. சராசரி 2.30 மி.மீ.

அங்கேதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நீர் நிறைந்த சிலிண்டரில் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றியவன் நான். தண்ணீர் அமுங்காது, பிஸ்டன் நீரில் முட்டி நின்றால் கனெக்டிங் ராடு வளையும், வளைந்த ராடு குட்டையாகிவிடும், பிஸ்டன் மேல்முனைக்கு வந்தாலும் எட்ட வேண்டிய உயரத்தை எட்டாது, இடைவெளி கூடும். காரணம் அதுவாக இருந்தால் பழி என்மேல், செலவும் பெரிது. ஹெட்டை இறக்கிவிட்டு, பிளாக்கின் மேற்பரப்பில் இரும்பு அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தி, மேல்முனையில் நின்ற பிஸ்டனைப் பார்த்தேன். பிஸ்டன் கீழே இல்லை. பிளாக் மட்டத்துக்கு 0.10 மி.மீ. மேலேயே நின்றது. கைச்சுற்றின் வேகத்துக்கும் வலிமைக்கும் ராடு தப்பித்திருக்கிறது.

மிச்சமிருந்தது கேஸ்கெட். கவனித்துப் பார்த்தபோதுதான் அது ஒன்றல்ல, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு என்பது தெரிந்தது. முதல் நாள் கசிந்ததும், ஒன்று கசிந்தால் இரண்டு கசியாது என்று பிட்டர் முடிவு செய்திருக்கிறார். அழுந்திய நிலையில் ஒவ்வொன்றும் 1.2 மி.மீ.; இரண்டும் சேர்ந்து 2.4, அதில் பிஸ்டன் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் 0.1 போக 2.3. ஈயம் சொன்ன கணக்கும் இதுவும் ஒன்றோடொன்று பொருந்தின.

இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, ஒரு கேஸ்கெட்டைக் கழற்றிவிட்டுப் பூட்டியிருக்கலாம்தான். ஆனால் அந்த 1.2 மி.மீ. உண்மையில் எவ்வளவு பெரிய குற்றம், அது மட்டும்தான் குற்றமா, ரிங்கையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்விகளுக்கு எஞ்சும் இடத்தை முழுதாக அளந்தாலொழிய விடை கிடைக்காது. ஆகவே மேல்முனையில் காற்று ஒதுங்கக்கூடிய மூலை முடுக்குகளை ஒவ்வொன்றாக அளக்கத் தொடங்கினேன்.

எல்லாவற்றிலும் பெரியது பிஸ்டன் தலையில் குடைந்திருக்கும் கிண்ணம். டீசல் பீச்சப்படுவதும் எரியத் தொடங்குவதும் அங்கேதான். ஒழுங்கான வடிவம் இல்லாததால் அதை அளவுகோலால் கணக்கிட முடியாது. திரவத்தை ஊற்றித்தான் அளக்க வேண்டும். மருந்துக்கடையில் வாங்கிய 20 மில்லி ஊசிக்குழாயால் முதலில் முயன்றேன். மூன்று முறையும் மூன்று விடைகள்: 26, 29, 28. முத்தியால்பேட்டையில் வேதியியல் ஆசிரியராக இருக்கும் நண்பர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, 50 மில்லி பியூரெட் ஒன்றையும் தாங்கியையும் கொடுத்தனுப்பினார். பிஸ்டனைப் பிளாக் மட்டத்துக்கு இறக்கி நிறுத்தி, அதன் விளிம்பிலுள்ள இடுக்கைக் கிரீஸால் அடைத்து, நடுவில் ஒரு துளையும் ஓரத்தில் காற்று வெளியேற ஒரு சிறு துளையும் போட்ட அக்ரிலிக் தகட்டை மேலே அழுத்தி ஒட்டினேன். தண்ணீர் ஓரங்களில் ஏறி நின்று ஏமாற்றும், குமிழியையும் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் டீசலையே ஊற்றினேன். தகட்டின் அடியில் கடைசிக் குமிழி மறையும் இடத்தில் குழாயை மூடி, திரவத்தின் பள்ளமான மேற்பரப்பின் அடிப்புறத்தைக் கண் மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 27.7, 27.8, 27.9. பள்ளியில் அமிலத்தையும் காரத்தையும் வைத்துக்கொண்டு செய்த அதே சடங்குதான். அன்று அதன் பயன் தெரியவில்லை, மதிப்பெண் மட்டும் தெரிந்தது. கிண்ணத்துக்கு 27.8 என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்தது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவே தட்டையாக விரியும் இடம்: பரப்பு 50.27, உயரம் 0.23 சென்டிமீட்டர், ஆகவே 11.56 சிசி. கேஸ்கெட்டின் துளை சிலிண்டரைவிடச் சற்றுப் பெரியது, 82 மி.மீ.; அந்த ஓர வளையத்தில் 0.61 சிசி ஒளிந்திருக்கிறது. ஹெட்டைத் தலைகீழாக வைத்து வால்வுகள் உள்வாங்கியிருக்கும் பள்ளங்களைப் பியூரெட்டால் அளந்தால் இரண்டும் சேர்ந்து 0.9. கடைசியாக, முதல் ரிங்குக்கு மேலே பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே உள்ள இடுக்கு. அது 10 மி.மீ. உயரமும் 0.35 மி.மீ. அகலமும் உள்ள மெல்லிய வளையம். சுற்றளவால் பெருக்கினால் 0.88. பெட்ரோல் எஞ்சினில் இந்தக் கடைசி இரண்டையும் பலர் கண்டுகொள்வதில்லை. டீசலில் அவற்றை விட்டால் விடை தவறிவிடும்.

கூட்டினால் 41.75 சிசி. விகிதம் 14.24.

இந்த எண் எனக்கு முதலில் வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈயக் கம்பி காட்டிய 2.3 மி.மீட்டரில் கேஸ்கெட்டின் தடிமன் ஏற்கெனவே அடங்கியிருக்கிறது. நானோ கேஸ்கெட்டின் துளை முழுவதையும் தனியாக ஒருமுறை கூட்டி, எஞ்சும் இடம் 53.8 சிசி, விகிதம் 11.3 என்று எழுதி வைத்திருந்தேன். அந்த விகிதத்தில் இந்த எஞ்சின் நண்பகலில் கூட நாலாவது சுற்றில் புறப்பட்டிருக்க முடியாது என்ற எண்ணம்தான் என்னைத் தாளுக்குத் திருப்பி அனுப்பியது.

பெரிய எண்ணில் வரும் பிழையும் சின்ன எண்ணில் வரும் பிழையும் ஒன்றல்ல என்பது இங்கே நன்றாகத் தெரியும். லைனர் தேய்ந்து போர் 80.15 மி.மீ. ஆகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கும் இடம் 552.9-இலிருந்து 555 சிசி ஆகும், இரண்டு சிசி வேறுபாடு, விகிதம் 14.24-இலிருந்து 14.29 ஆகும், அவ்வளவே. அதே இரண்டு சிசியைக் கிண்ணத்தை அளக்கும்போது கோட்டை விட்டால் விகிதம் 14.9 ஆகிவிடும். போரை மைக்ரோமீட்டரால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு துல்லியத்துக்கு அளந்து பெருமைப்பட்டுக்கொண்டு, கிண்ணத்தை ஊசிக்குழாயால் அளப்பவர் இரும்புக் கடைத் தராசில் தங்கத்தை நிறுத்தவர் ஆவார். ஊசிக்குழாய் தந்த 26-க்கும் 29-க்கும் நடுவே விகிதம் முழுதாக ஒரு புள்ளி ஊசலாடியது.

பிட்டரைக் குறை சொல்வதற்கு முன், அவர் கை எங்கே பழகியது என்பதையும் பார்க்க வேண்டும். அவர் பெரும்பாலும் இருசக்கர வாகனங்களைப் பார்ப்பவர். இன்று புதுச்சேரித் தெருக்களில் நிறைந்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் புதிய கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: போர் 72, ஸ்ட்ரோக் 85.8 மி.மீ., 349 சிசி, விகிதம் 9.5. அதில் எஞ்சும் இடம் 41 சிசிக்குச் சற்று மேல். அங்கே 1 மி.மீ. தடிமன் கூடினால் சேருவது 4 சிசி, விகிதம் 9.5-இலிருந்து ஏறத்தாழ 8.7 ஆகும். வண்டி கொஞ்சம் சோர்ந்து இழுக்கும், ஓட்டுபவர் கவனிக்காமலே போகலாம்; தீப்பொறி கொடுக்க பிளக் இருப்பதால் புறப்படுவதில் தொல்லை இராது. எங்கள் எஞ்சினில் அதே 1 மி.மீ. 5 சிசியைச் சேர்த்து 16.5-ஐ 14.6 ஆக்கிவிடும். இங்கே பிளக் கிடையாது. காற்று சுருங்கிச் சூடாகும் சூட்டிலேயே டீசல் பற்ற வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் மன்னிக்கப்படும் ஒரு தடிமன் டீசலில் மன்னிக்கப்படுவதில்லை.

சூடு எவ்வளவு என்று பார்க்கலாம். காற்றிலிருந்து வெப்பம் சிறிதும் வெளியேறாது என்று வைத்துக்கொண்டால், தனி வெப்பநிலை (செல்சியஸ் அளவுடன் 273 கூட்டியது) அமுக்க விகிதத்தின் 0.4 அடுக்கு மடங்கு உயரும். தை மாத விடியலில் 22 டிகிரி செல்சியஸ் உள்ள காற்று 16.5 விகிதத்தில் சுமார் 632 டிகிரிக்கும், 14.24 விகிதத்தில் சுமார் 580 டிகிரிக்கும் ஏறும். உண்மையில் கையால் சுற்றும்போது வேகம் குறைவு, சுவர் குளிர்ந்திருக்கும், உள்வால்வும் பிஸ்டன் கீழ்முனையைத் தாண்டிய பிறகே மூடும் என்பதால், இரண்டு எண்களுமே வெகுவாகக் கீழே இறங்கும். நமக்கு வேண்டியது நடுவிலுள்ள 50 டிகிரி வேறுபாடு மட்டும். நண்பகலில் வெளிக்காற்று 32 டிகிரிக்கு வரும்போது, குறைந்த விகிதத்திலும் 609 டிகிரி வரை எட்டும். வெளியே 10 டிகிரி கூடினால் உள்ளே ஏறத்தாழ 30 டிகிரி கூடுகிறது. காலையில் வெண்புகை கக்கி மதியம் புறப்பட்ட எஞ்சினின் நடத்தைக்கு இதைவிட வேறு விளக்கம் எனக்குத் தேவைப்படவில்லை. வெண்புகை என்பதே எரியாமல் ஆவியாக மட்டும் வெளியேறும் டீசல்தான்.

அப்படியானால் ஆயில் சோதனை? ரிங் நன்றாக இருந்தால் ஆயில் விட்டதும் ஏன் புறப்பட்டது? இதற்கான விடைதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. பிட்டர் விட்ட ஆயிலில் 5 சிசி பிஸ்டன் தலையில் தங்கியது என்று கொள்வோம். ஆயிலும் தண்ணீரைப் போலவே அமுங்காது. அது இருக்கும் இடம் காற்றுக்கு இல்லை. எஞ்சும் இடம் 41.75-இலிருந்து 36.75 ஆகிறது, விகிதம் 16.04-க்கு ஏறிவிடுகிறது. ஆயில் ரிங்கை அடைத்ததோ இல்லையோ, இரண்டாவது கேஸ்கெட் திருடிய இடத்தை அந்த நேரத்துக்கு நிரப்பிக் கொடுத்துவிட்டது. பெட்ரோல் எஞ்சினில் ரிங் தேய்வைக் கண்டறிய உதவும் இந்தச் சோதனை, எஞ்சும் இடம் இவ்வளவு சிறியதாக உள்ள டீசல் எஞ்சினில் நல்ல ரிங்கையும் கெட்டதாகக் காட்டும்.

அளவுக் கணக்கில் இன்னொரு குழப்பமும் உண்டு. எங்கள் எஞ்சினுக்குத் தொடர்பில்லை என்றாலும் சொல்லிவைக்கிறேன். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் கையேட்டில் விகிதம் மிகக் குறைவாகத் தெரியும். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் முழு ஸ்ட்ரோக்கைக் கணக்கில் கொள்ளாமல், புகை வெளியேறும் துளையைப் பிஸ்டன் மூடிய பிறகு எஞ்சும் ஸ்ட்ரோக்கை மட்டுமே கணக்கில் எடுப்பது வழக்கம். அந்த எண்ணை போர் ஸ்ட்ரோக் ஒட்டிச் சரிபார்க்கப் போனால் தலை சுற்றும்.

ஹெட்டின் அடிப்பரப்பைக் கண்ணாடிப் பலகையில் வைத்துப் பார்த்தேன். வளைவு இல்லை, முதல் நாள் கசிவுக்குக் காரணம் ஹெட் அல்ல. நட்டுகளை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக முறுக்கிக்கொண்டே போனதுதான் காரணமாக இருக்க வேண்டும். புதிய கேஸ்கெட் ஒன்றை மட்டும் வைத்து, எதிரெதிர் நட்டுகளை மாற்றி மாற்றி, மூன்று தவணைகளாக முறுக்கிப் பூட்டினேன். முதலில் ஈயம், இம்முறை 1.6 மி.மீ. கம்பியே நசுங்கி 1.10 காட்டியது. தட்டை இடம் 5.53, கேஸ்கெட் ஓரம் 0.31, மற்றவை பழையபடி, கூட்டினால் 35.42 சிசி, விகிதம் 16.6. கையேட்டில் 16.5 இருக்கிறதே என்று கேட்கலாம். பியூரெட்டிலும் தகட்டிலுமாக 0.3 சிசி பிசகினாலே விகிதத்தில் 0.13 மாறிவிடும் என்பதால், அந்தப் பத்தில் ஒன்றைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

மறுநாள் காலை 6 மணி, பனி இறங்கியிருந்தது. வால்வைத் திறந்து வைத்துச் சுற்றுவதை எளிதாக்கும் டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்து, பிளைவீலுக்கு வேகம் ஏறும்வரை சுற்றி, லிவரை விட்டேன். மூன்றாவது அடியில் புறப்பட்டது. புகை ஒரு நொடி வெள்ளையாக வந்து பின் மறைந்தது. ரிங் பழையதுதான்.

பியூரெட்டைக் கழுவி, சோப்பு நீரிலும் ஸ்பிரிட்டிலும் அலசி, முத்தியால்பேட்டைக்கு எடுத்துச் சென்றேன். நண்பர் அதை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக்கு இது இனி ஆகாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது அது மோட்டார் கொட்டகையில், ஸ்பானர் பலகைக்குப் பக்கத்தில் தொங்குகிறது.